அல்ஹம்ராவில் பாடம் கேட்ட இருவர்

இஸ்லாமியக் கலை பற்றிய பேச்சு எம்மவர் மத்தியில் எழும்போதெல்லாம் அது இரண்டு இடங்களில் வந்து நின்றுவிடுவதை அவதானித்திருக்கிறேன். "படம் கீறுவது எமக்கு ஆகுமான காரியமல்ல, அந்தப் பேச்சே வேண்டாம்" என்பது ஒன்று. "ஐரோப்பா இன்று பெருமைப்படும் யாவும் எம்மிடமிருந்து போனவைதான்" என்பது மற்றையது. முதலாவது கூற்று பென்சிலைக் கீழே வைக்கச் சொல்கிறது. இரண்டாவது கூற்று பென்சிலைக் கையில் எடுக்க வேண்டிய தேவையே இல்லை என்கிறது. கற்றல் என்ற ஒன்றுக்கு இரண்டிலுமே இடமில்லை.

எனது பழைய மாணவியொருவர் தற்போது நூல்களுக்குச் சித்திரம் வரையும் கலையைப் பயின்று வருகிறார். கலை, வடிவமைப்பு வரலாறு அவரது பாடங்களுள் ஒன்று. ஒப்படையொன்றுக்காக நூல்களைப் புரட்டியபோது, கிரேக்கமும் உரோமும் இத்தாலியும் பக்கம் பக்கமாக விரிய, இஸ்லாமிய உலகம் ஓரிரு பக்கங்களில், ஆட்பெயர் எதுவுமின்றி முடிந்துபோவதைக் கண்டிருக்கிறார். "எங்கட ஆக்கள் ஒருத்தரும் படம் கீறல்லையா ஸேர்?" என்று என்னிடம் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடிப் போனதன் பயனே இக்கட்டுரை.

நேரடியான விடை, கீறினார்கள் என்பதுதான். ஹிஜ்ரி 634 இல், அதாவது கி.பி. 1237 இல், ஈராக்கின் வாஸித் நகரைப் பூர்வீகமாகக் கொண்ட யஹ்யா அல் வாஸிதி, ஹரீரியின் 'மகாமாத்' நூலைத் தம் கையாலேயே பிரதிசெய்து, அதற்கான சித்திரங்களையும் தாமே தீட்டி முடித்தார். அப்பிரதி இன்று பரிஸ் நகரிலுள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. பள்ளிவாசலில் பயான் கேட்கும் கூட்டம், நூலகத்தில் அடுக்கப்பட்ட கிதாபுகள், ஒட்டக மந்தை, கிராமத்து வீடுகள் என அக்கால வாழ்வு முழுவதும் அதிலே உண்டு. நூலின் முடிவில் எழுதியவரும் வரைந்தவரும் தாமே என அவர் தம் பெயரைப் பதிந்திருக்கிறார். பின்னாளில் ஹெராத்தில் பிஹ்ஸாத் போன்ற பெரும் ஓவியர்கள் தோன்றினர். ஆகவே பெயர்கள் இல்லை என்பது சரியன்று.

ஆயினும் பெயர்களைப் பட்டியலிடுவதோடு இவ்விடயம் முடிந்துவிடுவதில்லை. இஸ்லாமிய உலகின் கலையில் மிகப் பரந்தது, செய்தவரின் பெயர் தெரியாத கலையே. சுவரிலும் விட்டத்திலும் தரையிலும் மரத்திலும் துணியிலும் படர்ந்த கோலங்களின் கலை அது. அதன் வரலாற்றை விளங்கிக்கொள்ள ஒரே கட்டடத்தையும், அக்கட்டடத்திடம் பாடம் கேட்கவந்த இரண்டு அந்நிய மாணவர்களையும் பின்தொடர்வது போதுமானது எனக் கருதுகிறேன்.

அக்கட்டடம் அல்ஹம்ரா. ஸ்பெயினின் கிரனாடா நகரில் குன்றொன்றின்மீது, பனூ நஸ்ர் வம்சத்தின் முதல் ஆட்சியாளரான முஹம்மத் இப்னுல் அஹ்மர் 1238 இல் அதன் வேலையைத் தொடங்கினார். இன்று நாம் வியந்து பார்க்கும் மண்டபங்களிற் பெரும்பாலானவை 14 ஆம் நூற்றாண்டில் முதலாம் யூஸுபும் அவருடைய மகன் ஐந்தாம் முஹம்மதும் எழுப்பியவை. அதன் சுவர்கள் மூன்று அடுக்குகளாகப் பேசுகின்றன. கீழே, கைக்கெட்டும் உயரத்தில், வண்ண ஓடுகளை வெட்டிப் பொருத்திய கேத்திரகணித உருக்கள். அதற்கு மேலே சுண்ணச்சாந்தில் செதுக்கிய இலையும் கொடியும். அவற்றை ஊடறுத்து ஓடும் அறபு எழுத்துக்கள். "வலா காலிப இல்லல்லாஹ்" - அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவனுமில்லை - என்ற வம்ச வாசகம் எத்தனையோ இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. இப்னுல் கதீப், இப்னு ஸம்ரக் போன்ற அரசவைக் கவிஞர்களின் கவிதைகளும் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. சிங்க முற்றத்தின் நீர்த்தொட்டியிலேயே இப்னு ஸம்ரக்கின் கவிதை இருக்கிறது. இலக்கியவாதிகளாகிய எமக்கு இது முக்கியமான செய்தி. அல்ஹம்ரா வெறும் மாளிகையல்ல, சுவரில் எழுதப்பட்ட கவிதைத் தொகுதியுமாகும்.

1492 ஜனவரியில் கிரனாடா வீழ்ந்தது. அதே ஆண்டு மார்ச் 31 இல், யூதர்களை ஸ்பெயினிலிருந்து வெளியேற்றும் கட்டளை இதே கிரனாடாவில் ஒப்பமிடப்பட்டது. வரலாற்றில் அது அல்ஹம்ராக் கட்டளை என்றே அழைக்கப்படுகிறது. கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் சந்ததியினரான மொரிஸ்கோக்களும் 1609 தொடக்கம் 1614 வரையான காலத்தில் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர். ஓடு வெட்டியவனும் சாந்து செதுக்கியவனும் போய்விட, சுவர்கள் மாத்திரம் எஞ்சின. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்களை அறிந்தவர்களுக்கு, வீடும் பள்ளிவாசலும் நிற்க மனிதர் மாத்திரம் இல்லாமற்போவது எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை.

இவ்வாறு கைவிடப்பட்டுக் கிடந்த மாளிகைக்கு 1834 ஆம் ஆண்டு இரண்டு இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் இலண்டனைச் சேர்ந்த ஓவன் ஜோன்ஸ். வயது 25. கட்டடக்கலை பயின்று, கிரேக்கம், எகிப்து, கொன்ஸ்தாந்துநோபிள் எனச் சுற்றிவந்தவர். மற்றையவர் அவர் வழியிற் சந்தித்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரான ஜூல்ஸ் கூரி. மெல்லிய தாளை ஒற்றியும் சாந்தில் அச்செடுத்தும் சுவரின் ஒவ்வோர் அலங்காரத்தையும் அவர்கள் பதிவுசெய்தார்கள். அளந்தார்கள், வரைந்தார்கள், உதிர்ந்துபோன வர்ணத்தின் மிச்சங்களைத் தேடினார்கள். ஆறு மாதமளவில் இவ்வேலை நடந்துகொண்டிருக்கையில், ஓகஸ்ட் மாதம் கூரி வாந்திபேதி கண்டு கிரனாடாவிலேயே இறந்துபோனார். ஜோன்ஸ் தாள்களைச் சுமந்துகொண்டு இலண்டன் திரும்பினார். 1837 இல் விடுபட்டதைப் பூர்த்திசெய்ய மீண்டும் அல்ஹம்ராவுக்கு வந்தார்.

வரைந்ததை அச்சிடுவது அடுத்த சிக்கல். அல்ஹம்ராவின் நீலத்தையும் சிவப்பையும் பொன்னையும் தாளில் ஏற்றக்கூடிய வர்ண அச்சு அப்போது இங்கிலாந்தில் வளர்ந்திருக்கவில்லை. ஜோன்ஸ் தாமே அச்சுக்கூடம் வைத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல்லாகப் பதிக்கும் பல்வண்ணக் கல்லச்சில் இறங்கினார். எமது அறபுத்தமிழ்க் கிதாபுகள் பல அச்சேறிய கல்லச்சு முறையின் வர்ண வடிவம் இது. 1836 தொடக்கம் 1845 வரை பகுதி பகுதியாக அந்நூல் வெளிவந்தது. சுவரிலுள்ள அறபு வாசகங்களை ஸ்பானிய அறிஞரான பஸ்குவால் தெ கயாங்கோஸ் மொழிபெயர்த்துக் கொடுத்தார். கூரியின் பெயரும் நூலின் முகப்பில் இடம்பெற்றது.

அல்ஹம்ராவில் கற்றதை ஜோன்ஸ் அலுமாரியில் பூட்டிவைக்கவில்லை. 1851 இல் இலண்டன் ஹைட் பூங்காவில் உலகக் கண்காட்சிக்காக எழுந்த பளிங்கு மாளிகையின் இரும்புச் சட்டங்களுக்கு வர்ணம் தீட்டும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. நீலம், சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று அடிப்படை நிறங்களை வெள்ளையால் பிரித்து அவர் தீட்டினார். அல்ஹம்ராவின் மேற்சுவர்களில் தாம் கண்டதாக அவர் கருதிய ஒழுங்கு அது. முதலில் பத்திரிகைகள் பரிகசித்தன. கண்காட்சி திறந்தபின் பரிகாசம் அடங்கியது. 1856 இல் அவரது 'அலங்காரத்தின் இலக்கணம்' வெளிவந்தது. 37 கோட்பாடுகள், 100 வர்ணத் தகடுகள். எகிப்து, கிரேக்கம், அறபு, துருக்கி, பாரசீகம், இந்தியா, சீனம் எனப் பல மரபுகளை அது ஒன்றாக அடுக்கியது. அவற்றுள்ளே மிக உயர்ந்த நிறைவைக் கண்ட இடமாக அவர் அல்ஹம்ராவையே காட்டினார். அலங்காரம் பொருளின் அமைப்பிலிருந்து பிறக்க வேண்டும், வெறும் பார்வைக்காக வலிந்து ஒட்டப்படலாகாது என்ற அவரது வாதத்துக்கு அல்ஹம்ராவின் சுவரே சாட்சியாக நின்றது. பிரித்தானியாவின் வடிவமைப்புப் பாடசாலைகளில் தலைமுறை தலைமுறையாக அந்நூல் கற்கப்பட்டது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லொயிட் ரைட் இளமையில் அதன் பக்கங்களை ஒற்றி வரைந்து பழகியவர்.

நூலுக்கு 'இலக்கணம்' எனப் பெயரிட்டமை கவனிக்கத்தக்கது. இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பது தமிழ் படித்த எவருக்கும் தெரியும். அல்ஹம்ராவின் கைவினைஞர்கள் இலக்கியம் படைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு இலக்கணம் கண்டவர் இலண்டன் இளைஞர். இலக்கண ஆசிரியருக்குரிய குறைகளும் அவரிடமிருந்தன. கோலத்தைச் சுவரிலிருந்து வெட்டியெடுத்துச் சதுரம் சதுரமாகத் தாளில் அடுக்கியபோது, அது எந்த மண்டபத்தில், எந்த வெளிச்சத்தில், எந்தக் கவிதைக்குப் பக்கத்தில் இருந்தது என்பது நழுவிப்போனது. கீழைத்தேயக் கலை ஆளற்றது, காலமற்றது என்ற எண்ணமும் இத்தகைய நூல்களாலேயே ஐரோப்பாவில் வேரூன்றியது. எனது மாணவி கண்ட ஆட்பெயரற்ற அந்த ஓரிரு பக்கங்களுக்கு மூலம் இதுவே எனலாம். எனினும் பழையதை அப்படியே பிரதிசெய்யாதீர்கள், இயற்கையிடம் திரும்பிப்போய்ப் புதிதாகச் செய்யுங்கள் என்ற அறிவுரையோடுதான் ஜோன்ஸ் தமது நூலை முடித்தார். பலர் அதைப் படிக்காமல் தகடுகளை மாத்திரம் பிரதிசெய்தார்கள் என்பது வேறு கதை.

இரண்டாவது மாணவர் ஒல்லாந்தரான மொரிஸ் எஷர். 1898 இல் பிறந்தவர். ஹார்லெம் நகரின் கலைப் பாடசாலையில் 1919 இல் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தார். அவர் கீறியவற்றைப் பார்த்த ஆசிரியர் சாமுவேல் ஜெசுருன் தெ மெஸ்கிட்டா, உனக்குரியது கட்டடமல்ல, அச்சுச் சித்திரம் என்று அவரைத் தம் வகுப்புக்கு மாற்றிக்கொண்டார். 1922 இல் படிப்பை முடித்த எஷர் அதே ஆண்டு அல்ஹம்ராவைப் பார்த்தார். ஓடு பதித்த கோலமொன்றைக் கவனமாகப் பிரதிசெய்தார். 1936 இல், தம் சித்திரங்களையே பயணக் கட்டணமாகக் கொடுப்பதாகக் கப்பற் கம்பனியொன்றோடு பேசிக்கொண்டு, மனைவியுடன் மீண்டும் வந்தார். இருவரும் நாட்கணக்காக அமர்ந்து அல்ஹம்ராவின் ஓடுகளையும் கொர்தோபாப் பள்ளிவாசலின் அலங்காரங்களையும் வரைந்தெடுத்தனர்.

ஓர் உரு தன் பக்கத்து உருவோடு இடைவெளியின்றிப் பொருந்தி, முடிவில்லாமல் தளத்தை நிரப்பிச் செல்லும் அந்த விந்தை எஷரைப் பிடித்துக்கொண்டது. புவிச்சரிதவியல் பேராசிரியரான அவருடைய சகோதரர், இது பளிங்கியல் ஆய்வாளர்கள் பேசும் விடயம் எனக் கூறி ஆய்வுக் கட்டுரைகளைக் காட்டினார். தளத்தில் இரண்டு திசைகளில் மீளும் கோலங்களின் சமச்சீர் வகைகள் 17 மாத்திரமே எனக் கணிதவியலாளர் ஜோர்ஜ் பொலியா 1924 இல் வரைந்து காட்டியிருந்தார். எஷர் அவற்றைக் கையால் வரைந்து வரைந்தே விளங்கிக்கொண்டார். பின்னர் நட்சத்திர ஓட்டின் இடத்தில் மீனும் பறவையும் பல்லியும் வந்தமர்ந்தன. 'பகலும் இரவும்' என்ற 1938 ஆம் ஆண்டின் சித்திரத்தில் வயல்வெளி பறவைகளாக மாறிப் பறக்கிறது. தளத்தை நிரப்பும் இத்தகைய வரைபுகள் 137 ஐ அவர் தம் கொப்பிகளில் இலக்கமிட்டு வைத்திருந்தார்.

இங்கு அவருடைய ஆசிரியரையும் மறந்துவிடலாகாது. மெஸ்கிட்டா என்றால் போர்த்துக்கேய மொழியில் பள்ளிவாசல். ஐபீரிய நாடுகளைவிட்டு ஒல்லாந்துக்கு வந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் வழிவந்தவர் அவர். 1492 இன் கட்டளையால் சிதறடிக்கப்பட்ட சமூகமொன்றின் பிள்ளை, பள்ளிவாசல் என்ற பெயரைத் தாங்கியபடி, அல்ஹம்ராவின் மிகச் சிறந்த மாணவரை உருவாக்கிவிட்டார். 1944 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நாஸிகள் அவரை அவுஷ்விற்ஸ் முகாமில் கொன்றார்கள். அவருடைய வீடு வெறுமையாகக் கிடந்தபோது எஷர் ஓடிப்போய், நிலத்தில் சிதறிக்கிடந்த சித்திரங்களைப் பொறுக்கிக் காப்பாற்றினார். படையினரின் சப்பாத்துத் தடம் பதிந்த ஒரு சித்திரத்தைக் கடைசிவரை தம்மோடு வைத்திருந்தார்.

உயிருருக்களை விடுத்துக் கேத்திரகணித வடிவங்களோடு மூர்கள் நின்றுவிட்டார்களே என எஷர் வருந்தியதுண்டு. இது முற்றிலும் சரியல்ல. அல்ஹம்ராவின் சிங்க முற்றத்தில் 12 சலவைக்கல் சிங்கங்கள் தொட்டியைத் தாங்குகின்றன. அதன் ஒருபுறத்து மண்டபத்தின் கூரையில் தோலில் தீட்டப்பட்ட மனித உருவங்களே இருக்கின்றன. உயிருரு வரைதல் பற்றிய சட்டப்பிரச்சினைக்குள் நான் நுழையவில்லை. அது உலமாக்களுக்குரிய துறை, அவர்களிடையே கருத்து வேறுபாடுகளும் உண்டு. ஆனால் வட்டமும் நட்சத்திரமும் இலையும் எழுத்தும் ஆகாதவை என எவரும் கூறியதில்லை. ஆகவே முதலாவது கூற்றைக் காட்டிப் பென்சிலைக் கீழே வைப்பதற்கு நியாயமில்லை.

இரண்டாவது கூற்றுக்கு வருவோம். எம்மிடமிருந்து போனது என்கிறோமே, அது போன விதம் என்ன? இரவில் எவரும் திருடிச் செல்லவில்லை. பட்டப்பகலில், மாதக்கணக்காக நிலத்திலமர்ந்து, அளந்து, ஒற்றி, நோயிலே உயிரையும் கொடுத்துக் கற்றுச் சென்றார்கள். காலனித்துவ அதிகாரம் அவர்களுக்குப் பாதையைத் திறந்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதிகாரம் மாத்திரம் எவருக்கும் கோடு கீறக் கற்றுக்கொடுப்பதில்லை.

எமது முன்னோரும் கற்றே இதனைப் பெற்றார்கள். பக்தாதில் 10 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணிதமேதை அபுல் வபா அல் பூஸ்ஜானி, கைவினைஞர்களுக்குத் தேவையான கேத்திரகணித அமைப்புகளைப் பற்றித் தனிநூல் எழுதினார். கணித அறிஞரும் கைவினைஞரும் ஒன்றாக அமர்ந்து உரையாடியதை அவரே குறிப்பிட்டிருக்கிறார். இஸ்தான்புல் தொப்காபி மாளிகையில் ஏறத்தாழ 30 மீற்றர் நீளமான சுருளொன்று பாதுகாக்கப்படுகிறது. 15, 16 ஆம் நூற்றாண்டுகளுக்கிடையில் வரையப்பட்டதாகக் கருதப்படும் அதில் 114 கோல வரைபுகள் இருக்கின்றன. உஸ்தாத் தம் பட்டறைக்காக வைத்திருந்த பாடநூல் அது. மொரோக்கோவின் பெஸ் நகரில் ஓட்டைக் கையுளியால் வெட்டிப் பொருத்தும் கலை இன்றும் உஸ்தாதிடமிருந்து சீடனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கலை எங்கு உயிரோடு இருக்கிறதோ, அங்கு ஒரு மாணவன் இருக்கிறான்.

எமது நாட்டிலும் அத்தகைய மாணவர் ஒருவர் இருந்தார். கொழும்பு புறக்கோட்டையில் 1908 இல் தொடங்கி 1909 இல் நிறைவுற்ற ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை, சிவப்பும் வெள்ளையுமான அந்தச் சம்மாங்கோட்டுப் பள்ளியை, வடிவமைத்த ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை முறையான கட்டடக்கலைப் பயிற்சி பெற்றவரல்லர். தென்னிந்திய வர்த்தகர்கள் கொடுத்த இந்தோ-சரசனிக் பாணிக் கட்டடங்களின் படங்களைப் பார்த்துத் தம் மனதிலே இலக்கணம் வகுத்துக்கொண்டார். படத்தைப் பார்த்துப் பிரதிசெய்தவர் என அவரை ஒதுக்கிவிட முடியாது. கொழும்பின் நெருக்கமான தெருவொன்றுக்குள் அவர் எழுப்பியது வேறெங்கும் இல்லாத கட்டடம்.

எங்கள் பாடசாலைகளில் நடப்பது என்ன? கணித வகுப்பில் தெசலாக்கம் படிப்பிக்கிறோம். சித்திர வகுப்பில் அலங்காரம் வரையச் சொல்கிறோம். இஸ்லாம் வகுப்பில் அந்தலூஸின் பெருமையைச் சொல்கிறோம். ஒரு வகுப்பில் சொல்வது மற்ற வகுப்புக்குக் கேட்பதில்லை. அபுல் வபாவின் பக்தாதில் ஒன்றாக அமர்ந்திருந்தவை எங்கள் நேரசூசியில் மூன்று பாடவேளைகளாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒருமுறை கணித பாடத்துக்கு, வீட்டிலுள்ள ஏதாவதொரு மீளும் கோலத்தைக் கீறிக்கொண்டு வரும்படி பிள்ளைகளிடம் கூறினேன். முஸல்லாவின் கரையும், பன்பாயின் பின்னலும், கைத்தறிச் சாரத்தின் கட்டமும், வாப்பாவின் தொப்பியில் பின்னிய நட்சத்திரமும் வந்து சேர்ந்தன. பெயர்ச்சி, சுழற்சி, தெறிப்பு மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, எது எங்கே இருக்கிறது எனத் தேடச் சொன்னேன். பாய் பின்னும் உம்மாக்களுக்கு இவற்றின் பெயர்கள் தெரியாது. கணக்கோ அவர்கள் விரல்களில் இருந்தது.

இவ்விடயத்தை இப்பொழுது எழுதவேண்டிய அவசரமொன்றும் உண்டு. எங்கள் ஊர்களில் பழைய பள்ளிவாசல்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்படுகின்றன. சனத்தொகை பெருகியதால் இடம் போதவில்லை என்பது நியாயமான காரணமே. ஆனால் இடிக்கும் முன்னர் வாசற்கதவின் செதுக்கலையும், மிம்பரின் வேலைப்பாட்டையும், முகப்பின் சுண்ணாம்புப் பூவையும் எவரும் ஒரு தாளில் பதிந்துவைப்பதில்லை. 2004 டிசெம்பரில் கடல் பொங்கியபோது எங்கள் கரையோர ஊர்களில் எவ்வளவோ போயிற்று. போனவற்றின் வரைபு எங்களிடம் இல்லாததால், எதை இழந்தோம் என்றுகூடச் சொல்லத் தெரியாமல் நிற்கிறோம். ஓவன் ஜோன்ஸுக்குக் கிரனாடாவில் எந்த உறவும் இருக்கவில்லை. அப்படியிருந்தும் அவர் எடுத்த பிரதிகள் இன்று அல்ஹம்ராவின் வரலாற்றுக்குச் சான்றாக உதவுகின்றன. எங்கள் மிம்பருக்கு நாங்கள்தான் உறவினர்.

ஆகவே எனது மாணவிக்கு நான் கூறியது இதுதான். ஒப்படைக்கு வாஸிதியை எழுதுங்கள், அல்ஹம்ராவை எழுதுங்கள், ஜோன்ஸையும் எஷரையும் மெஸ்கிட்டாவையும் சேர்த்து எழுதுங்கள். எழுதி முடித்ததும் அளவுநாடா, மெல்லிய தாள், பென்சில் மூன்றையும் எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரில் இன்னும் இடிபடாமல் நிற்கின்ற பழைய பள்ளிவாசலுக்குப் போங்கள். நிர்வாகிகளிடம் அனுமதி கேட்டு, முதலில் வாசற்கதவிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு தாளிலும் ஊர், திகதி, அளவு மூன்றையும் குறித்துவையுங்கள். அந்தக் கதவைச் செய்த தச்சரின் பெயர் ஊரில் எவருக்காவது ஞாபகமிருந்தால், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.